திரையரங்கில் இன்னும் இன்பம் உண்டோ?

தியேட்டருக்குப் போவதில் முன்பிருந்த மகிழ்ச்சி இப்போது இல்லை என்று பலரும் சொல்லக் கேட்கிறோம். முதியோர் மட்டும் இப்படிச் சொன்னால், கடந்த காலத்தைப் புகழ்வது முதுமையின் இயல்பு என்று விட்டுவிடலாம். ஆனால் திருப்பெரும்புதூர் – ஒரகடம் சாலையின் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளும் இதையே சொல்கின்றனர். அப்படியானால் இக்கூற்றில் ஏதோ உண்மை இருக்கத்தான் வேண்டும். குறை திரைப்படத்தில் உள்ளதா, அரங்கில் உள்ளதா, வேறெங்கேனும் உள்ளதா என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

பங்குக் குருவுக்கு சினிமாவைப் பற்றி என்ன எழுத்து என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு ஒரு பழைய செய்தியை நினைவூட்டுகிறேன். கோயம்புத்தூரில் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்ற கிறிஸ்தவர் திருச்சியில் தென்னிந்திய இரயில்வேயில் வரைவாளராக வேலை பார்த்தவர். 1905ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில ஊமைப் படங்களையும் விலைக்கு வாங்கினார். அவற்றுள் ஒன்று இயேசுவின் வாழ்க்கையைக் காட்டும் படம். அரசாங்க வேலைக்கு நிகரான அந்த வேலையை விட்டுவிட்டு, ஊர் ஊராகக் கூடாரம் அடித்து அப்படங்களைக் காட்டினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிலையான அரங்கைக் கட்டினார். ஆக, தமிழ் மக்கள் இருட்டில் ஒன்றாக அமர்ந்து பார்த்த தொடக்க காலப் படங்களுள் நம் ஆண்டவரின் பாடுகளும் ஒன்று. 1948இல் ஞானசௌந்தரி, 1971இல் அன்னை வேளாங்கண்ணி என்று பின்னாளில் வந்தவற்றை நம் பாட்டிமாரும் தாய்மாரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். கொட்டகை நமக்கு அந்நியமான இடம் அன்று.

என் சிறு வயதில் எங்கள் ஊர் எல்லையில் ஒரு டூரிங் டாக்கீஸ் இருந்தது. தென்னங்கீற்றுக் கூரை, பக்கங்களில் தட்டி, தரையில் மணல். தரை, பெஞ்சு, நாற்காலி என மூன்று வகுப்புகள். தரை டிக்கெட் வாங்கியவர் மணலைக் குவித்து உயரமாக்கி அமர்வார். திரை மறைக்கிறது என்று பின்னால் இருப்பவர் அதைக் கலைத்துவிடுவார். ஒரே ஒரு புரொஜெக்டர்தான் என்பதால், கருவியில் இருக்கும் சுருள் முடிந்ததும் விளக்கைப் போட்டு அடுத்ததை மாட்டுவார்கள். ஒரு படத்திற்கு மூன்று, நான்கு இடைவேளைகள் வரும். நகரங்களில் ஓடித் தேய்ந்த பிரதிதான் எங்களுக்குக் கிடைக்கும். திரை முழுவதும் மழை பெய்வது போலக் கோடுகள் விழும். கதை தெரிந்த பெரியவர் ஒருவர் அடுத்து வரப்போவதை உரக்கச் சொல்லி ஏச்சு வாங்குவார். முன்வரிசையில் ஒரு பெண்மணி விம்மத் தொடங்கினால், அவ்வரிசை முழுவதும் முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோகும். கொசுக்கடி, புழுக்கம், பீடிப்புகை எல்லாம் உண்டு. உடலுக்கு அங்கே எந்தச் சுகமும் இருந்ததில்லை.

இன்று சாய்ந்து படுக்கும்படியான இருக்கை, குளிர்பதனம், எத்திசையிலிருந்து வருகிறது என்று சொல்லக்கூடிய ஒலி எல்லாம் வந்துவிட்டன. சுகம்தான் இன்பத்தின் ஊற்று என்றால், இன்றைய அரங்கில் அது பெருகி ஓட வேண்டும். அப்படி ஓடக் காணோம். வேறெங்கோ இருந்து சுரந்த ஒன்றையே நாம் அன்று அனுபவித்திருக்கிறோம்.

பூவிருந்தவல்லிக் குருமடத்தில் அறநெறி இறையியல் படித்த நாட்களில், புனித தோமா அக்குவினார் விளையாட்டைப் பற்றி எழுதிய பகுதியைக் கண்டு வியந்ததுண்டு. உழைத்த உடலுக்கு உறக்கம் எப்படியோ, அப்படியே உழைத்த மனத்திற்கு மகிழ்ச்சி என்கிறார் அவர். அங்கே ஒரு பழைய கதையையும் எடுத்துக் கூறுகிறார். நற்செய்தியாளரான அருளப்பர் தம் சீடரோடு சேர்ந்து விளையாடிக்கொண்டிருந்தாராம். அதைக் கண்ட சிலர் இடறல்பட்டனர். அவர்களுள் வில் வைத்திருந்த ஒருவனை அழைத்து, அம்பு எய்யச் சொன்னார் அருளப்பர். அவன் பலமுறை எய்த பிறகு, "இடைவிடாமல் இப்படியே எய்துகொண்டிருக்க முடியுமா?" என்று கேட்டார். "அப்படிச் செய்தால் வில் முறிந்துவிடும்" என்றான் அவன். மனமும் அவ்வாறே என்றார் புனிதர். அக்குவினார் இதோடு நிற்கவில்லை. தானும் மகிழாமல், பிறர் மகிழ்வதையும் தடுத்து, எந்நேரமும் கடுகடுப்பாக இருப்பது ஒரு குற்றம் என்றும் எழுதுகிறார். நம் பங்குகளில் சிலர் இதை அறிவது நலம்.

இக்கதையில் நான் கவனிப்பது வில்லை மட்டும் அன்று. அருளப்பர் தனியாக இளைப்பாறவில்லை, சீடரோடு சேர்ந்திருந்தார்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். புனித அகுஸ்தினார் தம் இளமையில் கார்த்தேஜ் நகரத்து நாடக அரங்குகளில் மயங்கிக் கிடந்தவர். பிறர் துன்பத்தைக் கண்டு அழுவதில் மனிதனுக்கு ஏன் இன்பம் என்று அவர் எழுப்பும் கேள்வி கூர்மையானது. மேடையில் துன்புறுபவனுக்கு நாம் உதவ வேண்டியதில்லை, அழுதால் போதும். செலவில்லாத இரக்கம் அது. அவர்தம் நண்பர் அலிப்பியுஸ், வாட்போர்க் காட்சியைப் பார்க்க மறுத்துக் கண்ணை மூடிக்கொண்டும், கூட்டத்தின் ஆரவாரம் கேட்டுக் கண்ணைத் திறந்து, அதற்கே அடிமையான வரலாறும் அங்கே உண்டு. கூட்டம் மனிதனைத் தூக்கி நிறுத்தும், விழுங்கவும் செய்யும். 2023 ஜனவரியில் சென்னையில் ஓர் அதிகாலைக் காட்சிக் கொண்டாட்டத்தில் ஓர் இளைஞர் உயிரிழந்தார். 2024 டிசம்பர் 4 அன்று ஐதராபாத்தில் திரையரங்கு நெரிசலில் ஒரு தாய் மாண்டார். கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுவதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. இவையெல்லாம் கூடிக் களிப்பதன் நோய்கள். நோய் உண்டு என்பதால் உடலே வேண்டாம் என்று எவரும் சொல்வதில்லை.

திருத்தந்தை பதினோராம் பயஸ் 1936இல் திரைப்படத்தைப் பற்றி ஒரு சுற்றுமடல் எழுதினார். அது கடுமையான எச்சரிக்கைகள் நிறைந்தது. இருட்டில், மனம் தளர்ந்த நிலையில் மக்கள் படம் பார்க்கின்றனர். அரங்குகளோ வீட்டிற்கும் ஆலயத்திற்கும் பள்ளிக்கும் அருகிலேயே நிற்கின்றன என்று அவர் கவலைப்பட்டார். அதே மடலில், தொழிற்சாலை உழைப்பால் களைத்துப்போன மக்களுக்குப் பொழுதுபோக்கு இன்றியமையாததாகிவிட்டது என்றும் ஒப்புக்கொண்டார். ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின், 2025 நவம்பர் 15 அன்று, திருத்தந்தை பதினான்காம் லியோ திரைக்கலைஞர்களை வத்திக்கானில் சந்தித்தார். அரங்குகள் நகரங்களிலிருந்தும் குடியிருப்புகளிலிருந்தும் மறைந்து வருவதைக் குறித்து அவர் கவலை தெரிவித்தார். ஒருவருக்கு அரங்கு ஆலயத்தின் அருகில் இருப்பது கவலை. மற்றவருக்கு அது இல்லாமற் போவது கவலை. இரண்டும் முரண் அல்ல என்றே கருதுகிறேன். மக்கள் கூடும் இடம் தீயதாகிவிடக் கூடாது என்றார் முன்னவர். மக்கள் கூடுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்கிறார் பின்னவர்.

நம் பகுதிக்கு வருவோம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் கார் வெளிவந்தது. அதன்பின் கார், கைப்பேசி, டயர், லாரி, மோட்டார் சைக்கிள் என்று ஒரகடம் வரை ஆலைகள் நிறைந்துவிட்டன. திருவண்ணாமலையிலிருந்தும், தென் மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்தும் பிள்ளைகள் வருகின்றனர். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட விடுதி ஒன்றில் மட்டும் 18,720 பெண்கள் தங்கலாம். ஒரு சிற்றூரின் மக்கள்தொகையைவிட இது மிகப் பெரிது. ஆனால் ஊர் என்று சொல்லத்தக்க திண்ணையும், குளத்தங்கரையும், கொட்டகையும் இந்தச் சாலையில் எத்தனை?

விடுதிகளுக்குள் நான் போனதில்லை. ஆண்களுக்கு அனுமதி இல்லை. ஞாயிறு மாலைத் திருப்பலிக்கு வரும் பெண்கள் சொல்லக் கேட்டதைச் சொல்கிறேன். வேலை முடிந்து பேருந்தில் வந்து இறங்கியதும், குளித்து, உண்டு, கட்டிலில் சாய்ந்து, காதில் இயர்போனை மாட்டிக்கொள்வார்கள். ஓர் அறையில் ஆறு பேர் இருந்தால் ஆறு படங்கள் ஓடும். அவர்களுள் ஒருத்தி சொன்னாள்: "படம் நல்லாத்தான் இருக்கு ஃபாதர். சிரிப்பு வந்தா பக்கத்துல திரும்பிப் பார்ப்பேன். அவ வேற எதையோ பார்த்து அழுதுக்கிட்டு இருப்பா."

இந்த ஒரு சொல்லில் நம் கேள்விக்கு உரிய விடையைக் கண்டேன். சிரிப்பு வந்தவுடன் மனிதன் பக்கத்தில் திரும்புகிறான். அறியாத ஒருவனும் அதே கணத்தில் சிரிப்பதைக் கண்டு, தன் சிரிப்பு உறுதிப்பட்டதாக உணர்கிறான். கீற்றுக் கொட்டகையில் எங்களுக்குக் கிடைத்தது அதுவே. அதற்கு இரண்டு தேவை: ஒரே இடம், ஒரே நேரம். இடத்தை எவரேனும் காசு போட்டுக் கட்டலாம். நேரம்தான் அரிதாகிவிட்டது.

ஏனெனில் இங்கே காலை முறை, மாலை முறை, இரவு முறை என்று நாள் மூன்றாக அறுபட்டிருக்கிறது. வார ஓய்வும் ஒருத்திக்கு ஞாயிறு, அவள் தோழிக்குப் புதன். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் ஞாயிற்றுக்கிழமையை விடுமுறை என்று வகுத்து, முன்னும் பின்னும் மூன்று நாட்களுக்குள் வேறொரு நாளை மாற்றாகத் தரலாம் என்றது. 2025 நவம்பரில் அதன் இடத்திற்கு வந்த புதிய தொகுப்புச் சட்டம், வாரத்தில் ஆறு நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்கிறது. தொழிலாளிக்கு ஒரு நாள் உண்டு. எல்லாருக்கும் ஒரே நாள் என்பது இல்லை. ஆண்டவரின் நாளோ அப்படி அமைக்கப்பட்டதன்று; மகனும் மகளும் வேலைக்காரரும் அந்நியரும் கால்நடையும் ஒரே நாளில் ஓய வேண்டும் என்பதே பழைய கட்டளை. தனித்தனியாகத் தரப்பட்ட ஓய்வு உடலுக்கு ஓய்வுதான். ஆனால் தோழி வேலையில் இருக்கும் புதன்கிழமை மாலையில் ஒருத்தி தனியாக அரங்கிற்குப் போய் என்ன செய்வாள்?

விலையும் ஒரு தடைதான், மறுக்கவில்லை. பல்திரை அரங்குகளில் ஒரு சீட்டு 200 ரூபாயை நெருங்குகிறது. நால்வர் போனால் சீட்டுக்கே ஏறக்குறைய 800 ரூபாய் ஆகிவிடும். ஷேர் ஆட்டோ தனி. பொட்டலம் கட்டிக்கொண்டு போவதற்கும் வழியில்லை. வெளி உணவைத் தடுக்க அரங்க உரிமையாளருக்கு உரிமை உண்டு என்றும், குடிநீர் மட்டும் இலவசமாகத் தர வேண்டும் என்றும் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. சில வாரங்கள் பொறுத்தால் அந்தப் படமே கைப்பேசிக்கு வந்துவிடும் என்று கணக்குப் பார்ப்பது இயல்பு. உள்ளே போனாலோ முன்னால் நான்கைந்து கைப்பேசிகள் ஒளிர்கின்றன. ஒன்றாக அமர்ந்தும் தனித்தனியாக இருக்கும் பழக்கத்தை நாம் விடுதியிலிருந்து அரங்கிற்கும் கொண்டுபோய்விட்டோம்.

இன்னொரு தடையைப் பற்றிப் பேசுவது எனக்குக் கடமை. ஊரிலிருந்து பெற்றோர் தொலைபேசியில் அழைத்து, "சாமி, எங்க பொண்ணு சினிமா கினிமான்னு சுத்தாம பார்த்துக்குங்க" என்கின்றனர். அவர்கள் அச்சம் புரிகிறது. இரவில் இந்தச் சாலையில் லாரிகள் விரையும் வேகம் எனக்கும் தெரியும். எனினும் அந்தப் பெண்ணின் ஊதியத்தில்தான் தம்பியின் கல்லூரிக் கட்டணம் போகிறது. வீட்டுக் கூரை மாறுகிறது. குடும்பத்தைத் தாங்கும் தோளுக்கு மூன்று மணி நேரச் சிரிப்பை நம்பி ஒப்படைக்க நமக்கு மனம் வருவதில்லை. பூட்டி வைப்பதைப் பாதுகாப்பு என்று பெயரிட்டு அழைக்கிறோம். 2021 டிசம்பரில் ஒரு விடுதியின் உணவால் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் நோயுற்றபோது, ஆயிரக்கணக்கானோர் இரவெல்லாம் நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். பணிமுறை பாராது அவர்கள் ஒன்றுகூடியதை நாடு கண்டது அப்போதுதான். துன்பத்தில் கூடுவதற்கு அவர்கள் எவரையும் அனுமதி கேட்கவில்லை. மகிழ்ச்சியில் கூடுவதற்கு மட்டும் இத்தனை வாயிற்காவலர்!

எல்லா முறைக்காரருக்கும் பொதுவான விடுமுறை ஆண்டில் சில நாட்களே: குடியரசு நாள், மே நாள், ஆகஸ்டு 15, அக்டோபர் 2, அவற்றோடு பொங்கல் போன்ற சில திருநாட்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போய்விடுவார்கள். ஆகவே சென்ற மே நாளில், தொழிலாளரான புனித சூசையப்பர் திருநாள் திருப்பலி முடிந்ததும், பதினான்கு பெண்கள் ஒரு வேன் பேசிக்கொண்டு பூவிருந்தவல்லிப் பக்கம் படம் பார்க்கப் போனார்கள். பங்குப் பேரவையைச் சேர்ந்த ஒரு தம்பதியர் உடன் சென்றனர். திரும்பி வந்தபோது பங்குமனை வாசலில் வேனை நிறுத்தி இறங்கினார்கள். படம் சுமார்தான் என்று பலரும் ஒப்புக்கொண்டனர். ஒருத்தி மட்டும், "ரொம்ப நல்லா இருந்துச்சு ஃபாதர்" என்றாள். கதை என்ன என்று கேட்டேன். பதில் வரவில்லை, மற்றவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். முந்தின நாள் இரவு முறை முடித்து வந்தவளாம். விளக்கணைந்த கொஞ்ச நேரத்தில் தோழியின் தோளில் சாய்ந்தவள், இடைவேளைக்கும் எழுந்திருக்கவில்லையாம்.