வலிக்காத புண்ணுக்கு இன்றே ஓடுங்கள்

வைகாசி விசாகத்தன்று பால்குடம் சுமந்து திருப்பரங்குன்றம் வருகிறவர்களின் கால்களைப் பாருங்கள். தார்ச்சாலை கொதிக்கும். இளவட்டங்கள் நிழல் தேடிக் குதித்துக் குதித்துப் போவார்கள். பின்னாலேயே அறுபது வயது அம்மா ஒருவர் நிதானமாக நடந்து வருவார். பக்தியில் அவருக்குச் சூடு தெரியவில்லை என்று நாம் கையெடுத்துக் கும்பிடுகிறோம். பதினைந்து வருடமாகச் சுகர் இருக்கிற உடம்பென்றால், சூடு தெரியாததற்குக் காரணம் கால் மரத்துப்போனதாக இருக்கலாம். வீட்டுக்குப் போனதும் உள்ளங்காலில் கொப்புளம் எழும்பும். அதை அவர் பார்த்திருக்கமாட்டார். தரையில் பதிந்த ஈரக் கறையைக் கண்டு மருமகள்தான் கேட்பாள்.

அதற்கடுத்து நம் வீடுகளில் நடப்பதுதான் காலைப் பறிக்கிறது. மஞ்சள் பத்துப் போடுகிறோம். மருந்துக்கடையில் நாலு மாத்திரை வாங்குகிறோம். "வலியில்லையே, ரெண்டு நாள் பார்ப்போம்" என்கிறோம். சுகர்காரருக்கு அந்த இரண்டு நாளைக் கொடுக்காதீர்கள். சீழ் பாதத்துக்குள்ளேயே தசைநார்களின் வழியாக மேலேறும்; வெளியே ஒரு சிறு துளைதான் தெரியும். விரலோடு போயிருக்க வேண்டியது முழங்காலுக்கு மேல் போவது இப்படித்தான்.

வலி இல்லாததே ஆபத்து என்பதை நம் மண்ணில்தான் ஒரு மருத்துவர் உலகத்துக்கு விளக்கினார். கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்களை நோயே தின்றுவிடுகிறது என்று எல்லோரும் நம்பிய காலம் அது. உணர்ச்சியற்ற காலில் கல்லும் முள்ளும் சூடும் அழுத்தமும் செய்கிற காயந்தான் விரலை அழிக்கிறது என்று அவர் காட்டினார். பின்னாளில் அமெரிக்காவில், சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணுக்கும் இதே பாடத்தைப் பயன்படுத்தினார். உணர்ச்சியற்ற பாதங்களுக்காக வேலூரில் பழக்கத்துக்கு வந்த எம்.சி.ஆர். என்னும் மென்மையான ரப்பர் செருப்பை இன்றும் மருத்துவர்கள் எழுதித் தருகிறார்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2023ஆம் ஆண்டு ஆய்வின்படி, தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். ஏழு பேரில் ஒருவர். உங்கள் வீட்டில் அந்த ஒருவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். நல்ல நாளில் அவர் காலில் விழுந்து ஆசி வாங்குகிறீர்களே, தினமும் இரவில் அந்தப் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். விரலிடுக்கைப் பிரித்துப் பாருங்கள். கண் மங்கிய, குனிய முடியாத பெரியவர் தன் உள்ளங்காலைத் தானே பார்க்க முடியாது. அது பிள்ளைகளின் கடமை. செருப்பைப் போடுமுன் கவிழ்த்துத் தட்டுங்கள். நம் பக்கத்துக் கருவேல முள் அடிரப்பரைத் துளைத்து உள்ளே நின்றுகொண்டிருக்கும். காலாணியைப் பிளேடால் சீவாதீர்கள், ஆணிக்கென்று விற்கும் பிளாஸ்திரியும் ஒட்டாதீர்கள். அதில் உள்ள அமிலம் நல்ல தோலையும் அரிக்கும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் அக்காவிடம் காலையும் காட்டுங்கள்.

புண் வந்துவிட்டால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கோ போங்கள். காய்ச்சல், நாற்றம், கறுத்த விரல், மேலேறும் சிவப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கட்டு மட்டும் போட்டு அனுப்பினால் நின்று கேளுங்கள். 10 கிராம் நைலான் இழையை உள்ளங்காலில் அழுத்தி உணர்ச்சி சோதித்தார்களா? பாதத்தில் நாடி பார்த்தார்களா? கணுக்காலில் எடுக்கும் ரத்த அழுத்தம், ரத்தக்குழாய் சுண்ணாம்பேறி இறுகியவர்களுக்குப் பொய்யாகக் கூடுதல் காட்டும். அவர்களுக்குக் கால்விரலில் அளப்பதும், ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் பரிசோதனையும் வேண்டும். எலும்பில் சீழ் பிடித்தது முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். ரத்தம் ஓடாத காலில் எந்த மருந்தும் போய்ச் சேராது. அடைப்பை நீக்க வழியுண்டா என்று கேட்காமல் காலை எடுக்கக் கையெழுத்துப் போடாதீர்கள். ஆனால் நச்சு உடம்பெங்கும் ஏறி உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் சொன்னால், தாமதிக்கவும் கூடாது.

புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சிவந்து கொதிக்கிறதா? சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவாதீர்கள். உள்ளே எலும்புகள் நொறுங்கும் சார்கோட் பாதமாக இருக்கலாம். அன்றே ஊன்றுவதை நிறுத்தினால் பாதம் உருக்குலையாமல் தப்பும்.

உள்ளங்கால் புண்ணுக்கும் ஊன்றாமல் இருப்பதே பெரிய மருந்து. அதற்காகத்தான் மாவுக்கட்டோ தனிக் காலணியோ தருகிறார்கள். கழற்றி வைத்துவிட்டுக் கடைக்கு நடக்கிறவருக்கு எந்த ஊசியும் உதவாது.

கால் மரத்தவர்கள் வெறுங்காலோடு கிரிவலம் வருவதாக இனி வேண்டிக்கொள்ளாதீர்கள். ஏற்கெனவே வேண்டியிருந்தால், வெயில் தாழ்ந்தபின் செருப்போடு சுற்றுங்கள். கோயிலுக்குள் தடித்த பருத்திக் காலுறையாவது போடுங்கள். பிள்ளையின் காலில் கொப்புளம் காண முருகன் கேட்கவில்லை. கூட வருகிறவர்களும் "செருப்போடவா?" என்று முகம் சுளிக்காதீர்கள்; அந்தச் சொல்லுக்குக் கூசியே பலர் கழற்றிவிடுகிறார்கள்.

ஆறிய புண்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது ஒரே வருடத்துக்குள் திரும்புகின்றன. ஆகவே கட்டுப் பிரித்த அன்றே பழைய வார்ச்செருப்பைத் தூக்கிப் போடுங்கள், எம்.சி.ஆர். செருப்பை வீட்டுக்குள்ளும் போடுங்கள். அடுத்த பரிசோதனைத் தேதியைக் காலண்டரில் குறித்து, மகனோ மகளோ கூடவே போங்கள்.