வேடிக்கையும் கண்ணோட்டமும்

ஊர் சுற்றிப் பார்ப்பதில் பாவம் ஏதாவது உண்டா?

கேட்பதற்கே விசித்திரமாக இருக்கிறதல்லவா? கொலை, களவு, கள், சூது என்று பாவங்களைக் கணக்கெடுத்த பெரியவர்கள் யாரும் சுற்றுலாவை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. கண் இருக்கிறது, காட்சி இருக்கிறது, டிக்கெட்டுக்குப் பணமும் கையில் இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? மலையைப் பார்த்தால் மலை தேய்ந்துவிடுமா? கடலைப் பார்த்தால் கடல் வற்றிவிடுமா?

ஆனால், பார்க்கப்படுவது மலையோ கடலோ அல்லாமல் ஒரு மனிதனாக இருந்தால்? அந்தமான் தீவுகளின் தலைநகரில் ஒரு வாரம் தங்கியிருந்தபோது இந்தக் கேள்வி என்னிடம் வந்து சேர்ந்தது. ஊர் திரும்பிச் சில மாதங்களாகியும் அது என்னை விட்டுப் போகவில்லை.

எங்கள் பக்கத்துக் கிழவிகளுக்கு அந்தமான் என்பது ஊரின் பெயர் அல்ல, தண்டனையின் பெயர். 1858 மார்ச்சில் ஆங்கிலேயர்கள் இருநூறு கைதிகளைக் கொண்டுபோய் அங்கே இறக்கினார்கள். அன்றிலிருந்து, கடல் கடந்து போனவன் திரும்பமாட்டான் என்ற பயம் இந்தியா முழுவதும் பரவியது. 'காலாபானி' என்று வடக்கே சொன்னார்கள், கறுப்புத் தண்ணீர். 1978-ல் சிவாஜி கணேசன் நடித்த 'அந்தமான் காதலி' வந்தது. தண்டனையின் பெயர் காதலின் பெயராயிற்று. இப்போது அது விடுமுறையின் பெயர். சென்னையில் விமானம் ஏறினால் இரண்டரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். போர்ட் பிளேர் என்ற பழைய பெயரும் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது.

திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்துமாகப் பதினான்கு பேர் சேர்ந்து போனோம். குடும்பத்தோடு ஒரு ஜவுளிக்கடை முதலாளி, பாங்கி உத்தியோகஸ்தர்கள் இரண்டு பேர், புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், அவருடைய மனைவி. பாஷை தெரியாத ஊரில் என்ன செய்வது என்று சிலர் கவலைப்பட்டார்கள். அபர்தீன் பஜாரில் கால் வைத்ததும் அந்தக் கவலை தீர்ந்தது. 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி அந்தத் தீவுகளில் ஏறக்குறைய ஏழில் ஒருவருக்குத் தாய்மொழி தமிழ். இட்லிக்கும் குறைவில்லை, பேச்சுக்கும் குறைவில்லை.

பார்க்க வேண்டியவற்றையெல்லாம் முறையாகப் பார்த்தோம். சிடியா டாப்புவில் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்த்தோம். சாத்தம் தீவில் 1883-ல் தொடங்கிய மரம் அறுக்கும் ஆலையைப் பார்த்தோம். பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டின் பின்புறம் இருந்த தென்னைமரக் காட்சி இதுதான் என்று காட்டினார்கள். ஜவுளிக்கடை முதலாளி பர்ஸிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்துச் சரிபார்த்துத் திருப்தியடைந்தார். ராஸ் தீவு என்று வழங்கி, 2018-ல் நேதாஜியின் பெயர் சூட்டப்பட்ட தீவுக்கும் போனோம். வெள்ளைக்காரத் துரைகள் நடனமாடிய மாளிகைகளின் சுவர்களை ஆலமரத்தின் வேர்கள் பற்றிப் பிடித்திருக்கின்றன; மான்கள் மேய்கின்றன. இவற்றைப் பார்த்ததில் எனக்குச் சந்தோஷம்தான். மரமும் மானும் இடிந்த சுவரும் நம்மிடம் எதையும் கேட்பதில்லை.

செல்லுலர் சிறை அப்படி அல்ல.

1896-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட கட்டடம் அது. நடுவில் ஒரு கோபுரம். அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல ஏழு பிரிவுகள். ஒவ்வொன்றிலும் மூன்று மாடி. மொத்தம் ஏறக்குறைய எழுநூறு அறைகள். பலர் சேர்ந்து படுக்கும் கூடம் ஒன்றுகூட அங்கே இல்லை. ஓர் அறைக்கு ஓர் ஆள். ஒரு பிரிவின் முகப்பு அடுத்த பிரிவின் முதுகைப் பார்க்கும்படியாகக் கட்டியிருக்கிறார்கள். கம்பிக் கதவருகே வந்து நின்றால் எதிரே தெரிவது வெறும் சுவர். பின்சுவரில் எட்டாத உயரத்தில் ஒரு சிறு சாளரம். அதன் வழியாகக் கொஞ்சம் வானம் தெரியும். ஒருவன் இன்னொருவனைப் பார்த்துவிடக் கூடாது. செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் அவர்கள் எழுதிவைத்த தண்டனை அது. விநாயக சாவர்க்கரும் அவருடைய தமையனார் கணேஷ் சாவர்க்கரும் இதே சிறையில்தான் இருந்தார்கள். ஆனாலும் நெடுநாள் வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை.

செக்கில் மாட்டை ஆட்டுவதுபோல் மனிதனை ஆட்டி எண்ணெய் எடுத்தார்கள். 1933-ல் உண்ணாவிரதம் இருந்தவர்களுக்குக் குழாய் வழியாகப் பலவந்தமாகப் பாலை ஊற்றியதில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மைத்ரா என்ற மூன்று பேர் உயிர் விட்டார்கள். ஏழு பிரிவுகளில் இன்று மிஞ்சியிருப்பவை மூன்று. கோபுரத்தில் சலவைக்கல் பலகைகளில் பெயர்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன: வங்காளத்தார், பஞ்சாபிகள், மராட்டியர்கள். தலைமையாசிரியர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வருகைப் பதிவேடு வாசிப்பது போல ஒவ்வொரு பெயராக உதடசைத்துப் படித்துக்கொண்டே போனார்.

பக்கத்தில் தூக்குமேடை. அதன் முன்னால் வாலிபர்கள் சிலர் சிரித்துக்கொண்டே செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பாங்கி நண்பர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இது என்ன ஸார், திருவிழாவா?" என்றார். அவர் கோபம் நியாயமானதுதான். எனக்கு மட்டும் கோபம் வரவில்லை. யாருமே பார்க்காமல் சாகவேண்டும் என்று விதிக்கப்பட்டவர்கள் கிடந்த இடம் அது. சிரித்துக்கொண்டாவது யாரோ நாலு பேர் வந்து பார்க்கிறார்களே! கண்ணே படக் கூடாது என்று கட்டிய சுவருக்குள்ளே நாள்தோறும் ஆயிரம் கண்கள் நுழைந்து போகின்றன. அந்தத் தண்டனைக்கு இதைவிட நல்ல பதில் வேறு என்ன இருக்க முடியும்?

மறுநாள் பாராடாங்குக்குப் போவதாக ஏற்பாடு. அங்கே சுண்ணாம்புக் குகை இருக்கிறது. சேறு கொப்பளிக்கும் இடம் இருக்கிறது. அலையாத்திக் காட்டின் நடுவே படகில் போகலாம். ஆனால் முதல் நாள் இரவு யாரும் குகையைப் பற்றிப் பேசவில்லை. "வழியில் காட்டுவாசிகள் தெரிவார்களா?" என்பதே பேச்சு.

பாராடாங்குக்குப் போகும் சாலை ஜாரவாக்களின் காட்டைப் பிளந்துகொண்டு போகிறது. ஜிர்காடாங் என்ற இடத்தில் வண்டிகளை வரிசையாக நிறுத்திவைத்து, போலீஸ் காவலோடு ஒன்றாக அனுப்புகிறார்கள். வழியில் நிற்கக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. எதுவும் கொடுக்கக் கூடாது. 1956-லேயே பழங்குடிகளின் பாதுகாப்புக்காகச் சட்டம் உண்டு. 2002-ல் அந்தச் சாலையை மூடும்படி சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது, சாலை மூடப்படவில்லை. 2012-ல் ஒரு படம் வெளியாகி உலகமே தலைகுனிந்தது. அதில் ஜாரவாப் பெண்களைச் சோற்றுக்காக ஆடச் சொல்லியிருந்தார்கள்.

1998 வரையில் ஜாரவாக்கள் அம்பு எய்து நம்மை விலக்கிவைத்தவர்கள். அதற்குப் பிறகுதான் தாமாக வெளியே வரத் தொடங்கினார்கள். அடுத்த வருஷமே அவர்களிடையே மணல்வாரி பரவியது. 2011 கணக்கில் அவர்களுடைய தொகை 380. திண்டிவனத்தில் ஒரு தெருவில் இதைவிட அதிகமான ஜனங்கள் இருப்பார்கள். அவர்களுடைய அண்டை வீட்டாரான பெரிய அந்தமானியர் 1858-ல் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். வெள்ளையர் அவர்களை அழைத்துப் பழகினார்கள், விடுதி கட்டி வைத்துப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். 1961-ல் எண்ணியபோது மிஞ்சியிருந்தவர்கள் 19 பேர். 'போ' என்ற அவர்களுடைய மொழி ஒன்றைப் பேசிய கடைசிக் கிழவி 2010-ல் கண்ணை மூடினாள்.

இதையெல்லாம் தலைமையாசிரியர் இரவுச் சாப்பாட்டின்போது எடுத்துச் சொன்னார். எல்லோரும் 'த்சு' கொட்டினார்கள். ஆனாலும் விடியற்காலம் மூன்று மணிக்கு வேன் வந்தபோது எல்லோரும் ஏறிவிட்டார்கள். தலைமையாசிரியரும் ஏறினார். அவர் மனைவி மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் வரலை."

"ஏம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

"உடம்புக்கு என்ன தம்பி? நல்லாத்தான் இருக்கு" என்றார் அந்த அம்மாள். பிறகு சற்று நேரம் சும்மா இருந்துவிட்டுச் சொன்னார்: "என் கல்யாணத்துக்கு முன்னாலே பதினோரு இடத்திலேருந்து பெண் பார்க்க வந்தாங்க. நடக்கச் சொல்லிப் பார்த்தாங்க. பாடச் சொல்லிப் பார்த்தாங்க. ஒரு அம்மா பின்னலைப் பிரிச்சுக் காட்டச் சொன்னாங்க. பஜ்ஜி, சொஜ்ஜி சாப்பிட்டுட்டு, கடுதாசி போடறோம்னு போயிடுவாங்க. யாரும் கெட்டவங்க இல்லே. ஆனா, பார்க்கப்படறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும், தம்பி. அந்த வேனிலே நான் ஏறமாட்டேன்."

நானும் ஏறவில்லை. அன்று முழுவதும் கடற்கரைச் சாலையில் உட்கார்ந்து அந்த வார்த்தையையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

போனவர்கள் மாலையில் திரும்பினார்கள். குகை பார்த்தார்கள், படகில் போனார்கள், சேற்று எரிமலையும் பார்த்தார்கள். "ஆனாலும் ஒன்றுமே பார்க்கவில்லை ஸார், இத்தனை மணி நேரம் வேனில் குலுங்கினதுதான் மிச்சம்" என்று அலுத்துக்கொண்டார் ஜவுளிக்கடை முதலாளி. அவர் நல்ல மனிதர். கோவிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கேட்டால் இல்லையென்று சொல்லாதவர். அவருடைய வாயில் அந்த 'ஒன்றுமே' என்ற வார்த்தை வந்ததுதான் என்னைத் திடுக்கிடச் செய்தது.

எண்ணிப் பாருங்கள். ஒரே ஊரைச் சுற்றி இரண்டு வகை மனிதர்கள். ஒருவகையினருக்கு யாருமே தங்களைப் பார்க்காததுதான் தண்டனையாக இருந்தது. மற்றொரு வகையினருக்கு நாம் பார்ப்பதே தண்டனையாக இருக்கிறது. நாமோ முன்னவர்களை ஒரு மணி நேரத்தில் சுற்றி முடித்துவிட்டுப் பின்னவர்களைக் காண விடியற்காலம் மூன்று மணிக்கு எழுந்திருக்கிறோம்.

"அவர்களை யாரும் பார்க்கவே கூடாது என்றால் நோய் வந்தால் வைத்தியம் யார் செய்வது? ரங்கத்திலும் மாயாபந்தரிலும் குடியிருப்பவர்கள் எந்த வழியாக ஆஸ்பத்திரிக்குப் போவது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வைத்தியரும் பார்க்கிறார், ஆனால் நோயாளிக்காகப் பார்க்கிறார். வழிப்போக்கனும் அந்தச் சாலையில் போகிறான். தன் காரியத்துக்காகப் போகிறான், போகிற வழியில் எதையும் தேடவில்லை. வேடிக்கை பார்க்கப் போகிறவன் மட்டும்தான் எதிரில் உள்ளவனைத் தன் இன்பத்துக்காகத் தேடிப் போகிறான். மூன்று பேருடைய கண்ணும் ஒன்றுதான். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் மனம்தான் வேறு.

நம்முடைய தமிழ் இந்த வேற்றுமையை வெகு நாளைக்கு முன்பே கண்டுகொண்டிருக்கிறது. 'வேடிக்கை பார்த்தல்' என்று ஒன்று. 'பார்த்துக்கொள்ளுதல்' என்று மற்றொன்று. வினைச்சொல் ஒன்றேதான். ஒன்றில் பார்க்கிறவன் விலகி நிற்கிறான். மற்றதில் பொறுப்பு ஏற்கிறான். ஊருக்குப் புறப்படும் மகனிடம் "உடம்பைப் பார்த்துக்கொள்" என்று தாய் சொல்லும்போது, கண்ணாடியில் முகம் பார்க்கும்படியா சொல்கிறாள்? வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கே 'கண்ணோட்டம்' என்று பெயர் வைத்தார். இன்று நாம் அந்தச் சொல்லை 'அபிப்பிராயம்' என்ற பொருளில் கட்டுரைகளிலும் மேடைகளிலும் செலவழிக்கிறோம். அவர் சொன்னது இரக்கத்தை. கண் ஓடிப்போய் இன்னொருவன்மேல் தங்கினால் அங்கே இரக்கம் பிறக்க வேண்டும். பிறக்காவிட்டால் அது கண்ணே அல்ல என்பது அவர் கட்சி. பார்க்கக் கூடாத இடத்தில் பார்க்காமலிருப்பதைப் பேராண்மை என்று சொன்னவரும் அவர்தான். பிறன் மனைவியைப் பற்றித்தான் அதைச் சொன்னார். பிறன் காட்டுக்கும் அது பொருந்தும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதற்கெல்லாம் கடல் தாண்டித்தான் போகவேண்டும் என்பதில்லை. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் சாலை செஞ்சிக் கோட்டையின் ஊடாகவே போகிறது. 2025-ல் அந்தக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. ஆனாலும் பஸ்ஸில் போகிறவர்களில் பாதிப்பேர் தலை நிமிர்வதில்லை. கோட்டைக்குள் ஒரு பெரும்பாறையின் நடுவே 'கைதிக் கிணறு' இருக்கிறது. மரண தண்டனை பெற்றவர்களை அதற்குள் தள்ளிப் பட்டினியால் சாகவிட்டார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. அங்கே சலவைக்கல் பலகை இல்லை. ஒரு பெயரும் இல்லை. அந்தமானில் பெயர் பெயராகப் படித்த கண்களுக்கு இங்கேயும் கொஞ்சம் வேலை இருக்கிறது.

இன்னும் கிட்டத்தில் வருகிறேன். நம்முடைய தெருக்களில் எத்தனையோ வீட்டுப் பின்கட்டுகளில் வயதானவர்கள் படுத்திருக்கிறார்கள். "அவன் வந்து ஒரு தரம் பார்த்துவிட்டுப் போகக்கூடாதா?" என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த 'அவன்' எங்கேயோ எதையோ பார்க்கப் போயிருக்கிறான். பார்க்கச் சொல்லிக் காத்திருப்பவர்களைப் பார்க்காமல், பார்க்க வேண்டாம் என்று ஒதுங்கியிருப்பவர்களைத் தேடிப் போகிற விபரீதம் நமக்கு எப்படியோ பழகிப் போய்விட்டது.

ஆகையால் ஊர் சுற்ற வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். சுற்றுங்கள், சிறைக்கு ஒரு நாளை முழுதாக ஒதுக்குங்கள், பெயர்களைப் படியுங்கள். மனிதர்கள் எதிர்ப்படும் இடத்தில் மட்டும், கண்ணை ஓட்டுவதற்கு முன் ஒரு நொடி நின்று, நாம் பார்ப்பதை இவர் விரும்புவாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்று தோன்றினால் முகத்தைத் திருப்பிக்கொள்வதில் குறைவு ஒன்றும் இல்லை. அப்படித் திருப்பிக்கொண்டவர் அந்த ஊரில் எதையும் பார்க்காமல் வந்தவர் ஆகமாட்டார்.