பிணி தீர்க்கும் பணியும் நம் பிள்ளைகளும்

 

ஓர் உயிரைக் காப்பதை மனித குலம் முழுமையையும் காப்பதற்கு ஒப்பாக அல்லாஹுத்தஆலா தன் திருமறையில் (அல்மாயிதா: 32) வைத்துள்ளான். ஆயினும், பிள்ளையை மருத்துவப் படிப்புக்கு அனுப்பும்போது நம்மில் எத்தனை பேர் இதை நினைக்கிறோம்? ‘டாக்டருடைய வாப்பா’ என்று ஊரார் அழைக்கும் பெருமையை அல்லவா நினைக்கிறோம்! அமல்கள் யாவும் நிய்யத்தைப் பொறுத்தவை. படிப்பும் அதற்கு விலக்கன்று.

மருத்துவத்தை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவில் பர்ளு கிபாயாவாக வகுத்துள்ளார்கள். அதாவது, ஊரில் சிலரேனும் அதைச் செய்தாக வேண்டும். ஒருவருமே செய்யாவிடில் பாவம் அனைவரையும் சாரும். இக்கடமை டாக்டரால் மட்டும் நிறைவேறுவதன்று. தாதியர், மருந்தாளர், எக்ஸ்ரே எடுப்போர், முடங்கிய கைகால்களுக்குப் பயிற்சி தருவோர் யாவரும் அதில் பங்காளிகளே. அகழ்ப் போரின்போது மதீனாவில் கூடாரம் அமைத்துக் காயமுற்றோருக்குச் சிகிச்சை செய்தவர் ருபைதா (ரலி) என்னும் பெண்மணி. தாதி வேலை நம் பெண்மக்களுக்கு இழிவென்று பேசுவோர் இதைச் சற்றுச் சிந்திக்கட்டும்.

வணிகர்களாகிய நாம் அரிசியைக் கூடக் கையில் அள்ளிப் பார்த்தன்றோ வாங்குகிறோம்! பிள்ளையின் மனத்தைப் பார்க்க வேண்டாமா? விடுமுறையில் அவனைக் கடையில் உட்கார வைக்கும் நாட்களில் பாதியை முதியோர் இல்லத்தில் தொண்டு செய்ய விடுவோம். பிறர் அசுத்தத்தைத் துடைக்க முகம் சுளிக்கிறானா, நோயாளியின் புலம்பலைப் பொறுமையுடன் கேட்கிறானா என்பது அங்கே விளங்கும். மனம் ஒப்பாவிடில் அது குற்றமன்று. ஹலாலான வழிகள் வேறு பல உண்டு. வற்புறுத்தி அனுப்பினால் துன்புறுவது பிள்ளை மட்டுமன்று, அவனிடம் வரும் நோயாளியுமே.

வெளிநாட்டுக் கல்லூரிக்குப் பணம் கட்டுமுன், அப்பட்டம் இந்நாட்டில் செல்லுமா என்று பார்ப்பது அவசியம். சிங்கப்பூர் ஏற்கும் வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிகள் 2020-இல் 160-லிருந்து 103 ஆகக் குறைக்கப்பட்டன. 2025-இல் 9 சேர்க்கப்பட்டன. ஆகவே, உறவினர் மகன் முன்னர் அங்கே படித்தான் என்பது ஆதாரமாகாது. தரகர் சொல்லை நம்பி முதலை இழப்பது வணிகருக்கு அழகுமன்று.

ஆர்வமிருந்தும் வசதியற்ற மாணவர் நம் ஜமாஅத்திலேயே உண்டு. செல்வர்கள் அவர்களுக்குக் கர்ளு ஹஸனாவாக, வட்டியில்லாக் கடனாக உதவ முன்வருவார்களாக. அவர்கள் தீர்க்கும் ஒவ்வொரு பிணியிலும் நமக்கும் நன்மை உண்டு, இன்ஷா அல்லாஹ்.

நம் மக்களைப் பிறர் வலியறிந்தோராக்கி, அவர்தம் கரங்களில் இறைவன் ஷிபாவை அருள்வானாக! ஆமீன்.