சிறைக்கப்பலில் இட்ட கையெழுத்து

பசியினாலும் மரண பயத்தினாலும் ஒருவன் பகைவனுக்குக் கொடுத்த வாக்கு வாக்காகுமா? அதை மீறியவன் பொய்யனாவானா? ஓர் இளம் மாலுமியின் சரித்திரத்தைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

எபனேசர் பாக்ஸ் என்பவன் 1763-இல் மாசச்சூசெட்ஸ் நாட்டு ராக்ஸ்பரியில் பிறந்தவன். அமெரிக்கர் ஆங்கில மன்னனோடு போர் புரிந்த காலத்தில், 1781-இல், அவன் ஊழியம் செய்த 'புரொடெக்டர்' என்னும் கப்பல் பிடிபட்டது. நியூயார்க்கை அடுத்த வாலபௌட் வளைகுடாவில் நின்ற 'ஜெர்சி' என்னும் சிறைக்கப்பலில் அவனை அடைத்தனர். இனிக் கடலோட உதவாத அப்பழைய போர்க்கப்பலில் ஏறக்குறைய ஆயிரம் பேர் அடைபட்டுக் கிடந்தனர். இரவில் அவர்களைக் கீழ்த்தட்டில் தள்ளி மேலே அடைத்துவிடுவர். விடிந்ததும் காவலர் இடும் முதற் கட்டளை, இறந்தோரை மேலே கொண்டு வருக என்பதே. நால்வர்க்குரிய உணவை அறுவர் பகிர்ந்துண்டனர். 1782-இல் அங்கிருந்த தாமஸ் டிரிங் என்பவர், வைசூரி கண்டவனின் சீழைக் குண்டூசியால் எடுத்துத் தம் கையில் தாமே குத்திக்கொண்டார். தானே வருமுன் அதனை வருவித்துக்கொள்வதே மேலென்று கருதினார் போலும்! அவ்விடத்துச் சிறைக்கப்பல்களில் மாண்டோர் பதினோராயிரத்துக்கும் அதிகம் என மதிப்பிடுவர்.

வெளியேற ஒரு வழி இருந்தது. மன்னனுக்கு ஊழியம் புரிவதாகக் கையெழுத்திட வேண்டும். பெரும்பாலோர் மறுத்தனர். பாக்ஸோ ஜமைக்காத் தீவின் காவற் பட்டாளத்தில் சேர்ந்தான். பின்னர் அங்கிருந்து தப்பிக் கியூபாவை அடைந்தான். 1838-இல் வெளிவந்த தன் நூலில் இதனை அவன் மறைக்கவில்லை.

இவனைத் துரோகி என்பாரும் உளர். கதவடைப்பு நீண்டபோது, பிள்ளைகளின் பசி பொறாமல் ஆலை வாயிலில் கையெழுத்திட்டு உள்ளே சென்றோரை நாம் கண்டதுண்டு. அக்காகிதத்தில் கை அவர்களுடையது; எழுதியது பசி. மனமொப்பாத வாக்கு வாக்கன்று. ஆகவே, அதை மீறியதில் பொய்யும் இல்லை. மறுத்து மாண்டவர் பெரியோர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அப்பெருமையைச் சாட்டையாக்கி மெலிந்தவனை அடிப்பது நியாயமாமோ? மேலும், தனியார் கப்பல் மாலுமிகளுக்கு ஈடாக ஆங்கிலச் சிப்பாய்களை விடுவித்தால் பகைவர் படை பெருகுமென்று வாஷிங்டனே தயங்கினார். அது போர்த் தலைவரின் கணக்கு. அதனை நாம் பழிக்கவில்லை. கணக்கிட்டு ஒருவனை அங்கேயே விட்டவர்கள், அவன் தன் உயிரைக் கணக்கிட்டதைக் குறை கூறலாகாது என்பதே நம் வாதம்.

ஆனால் வேறொன்று நம்மை உறுத்துகிறது. அவன் காவல் புரியச் சென்ற ஜமைக்கா எத்தகையது? ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல்களின் அடித்தட்டில் விலங்கிட்டுக் கொணரப்பட்டோர் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாய் மடிந்த தீவு அது. அங்கே பட்டாளம் காத்தது மன்னனின் கொடியை மட்டுமன்று, அவ்விலங்கையுமே. கப்பலின் அடித்தட்டை அறிந்த பாக்ஸ், சிலகாலம் துப்பாக்கி ஏந்தி அதற்குக் காவல் நின்றான். அவனைத் துரோகி என்றவரும், மன்னித்தவரும் மன்னனையும் தேசத்தையும் பற்றியே வழக்காடினர். அத்தோட்டத்து மக்களை ஒருவரும் சாட்சிக்கு அழைக்கவில்லை.