சாட்சியில்லாத அடி

செஞ்சியில் ஒரு குடும்ப வழக்கைப் பேசித் தீர்க்க ஜமாஅத்தார் நம்மையும் அழைத்திருந்தனர். மனைவியை அடித்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட இளைஞரின் முகத்தில் கவலைக்குறி ஏதுமில்லை. "ஹஜ்ரத், பார்த்தவர் எவருமில்லை, ஆஸ்பத்திரிச் சீட்டும் இல்லை. கேஸ் நிற்காது என்று வக்கீல் சொல்லிவிட்டார்" என்றார். "தம்பி, அடித்தீரா இல்லையா?" என்று நாம் கேட்டதற்கு மட்டும் விடை வரவில்லை.

1983-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 498-ஏ பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86 பிரிவுகளாக நிற்கிறது. கணவனோ அவன் உறவினரோ கொடுமை செய்தது மெய்ப்பட்டால் 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. 2006-இல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைச் சட்டமோ எடுத்த எடுப்பில் சிறைக்கு அனுப்புவதன்று; துன்புறுத்தாதே என ஆணையிடும், அவள் குடியிருக்கும் உரிமையைக் காக்கும். பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீறியதை அவள் ஒருத்தியின் சாட்சியத்தைக் கொண்டே நீதிமன்றம் முடிவு செய்யலாம். நான்கு சுவருக்குள் நடப்பதற்கு வேறு சாட்சி எங்கிருந்து வரும்? வக்கீல் இதைச் சொல்லவில்லை போலும்.

குற்றம் சாட்டப்பட்டவனுக்கும் உரிமையுண்டு. புகார் வந்தவுடன் இயந்திரம் போல் கைது செய்யலாகாது என 2014-இல் அர்னேஷ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. பொய்ப் புகாரால் வயோதிகப் பெற்றோர் அலைக்கழிந்ததை நாமும் கண்டிருக்கிறோம். ஆனால், நிரபராதிக்கென ஏற்பட்ட போர்வையை மெய்யாகவே அடித்தவன் எடுத்துப் போர்த்திக் கொள்வது எவ்வகை நியாயம்?

வாதத் திறமையால் தீர்ப்புத் தன் பக்கம் ஆகிவிடினும், பிறர் உரிமையைப் பெற்றவன் நெருப்புத் துண்டையே பெறுகிறான் எனப் பெருமானார் (ஸல்) எச்சரித்ததை உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கிறார்கள். நபியவர்களின் தீர்ப்பைப் பெற்றவனுக்கே இந்நிலையெனில், நம்மூர்க் கோர்ட்டின் விடுதலை எம்மாத்திரம்?

அடுத்து அவர் அந்நிஸா அத்தியாயத்தின் 34-ஆம் வசனத்தை எடுத்தார். நம்மவர் பலருக்கு மனப்பாடமான வசனம் அது ஒன்றுதான்! அவ்வசனம் இறங்கப் பெற்றவர்களோ எப்பெண்ணையும் எப்பணியாளையும் கைநீட்டி அடித்ததில்லை என்பது ஆயிஷா (ரலி) அவர்களின் சாட்சியம். இரு குடும்பத்திலிருந்தும் நடுவரை அழைக்கும் 35-ஆம் வசனத்தை அவர் ஓதவில்லை. நம் உலமாக்கள் மாலிக்கி மத்ஹபின் ஃபத்வாக்களைத் தேடிப் பெற்றதன் பயனாக வந்த 1939-ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண விலக்குச் சட்டம், உடலில் தழும்பு விழாத கொடுமைக்கும் ஃபஸ்கு கேட்க வழி வைத்திருக்கிறது. மருத்துவச் சீட்டு அன்றே அவசியமாயிருக்கவில்லை.

அஸருக்குப் பின் அவரை அழைத்துக்கொண்டு ராஜகிரி அடிவாரத்தில் சஆதத்துல்லாஹ் கான் பள்ளிவாசல் வரை நடந்தோம். அதே கேள்வியை மீண்டும் கேட்டோம். அப்போதும் அவர் வாய் திறக்கவில்லை. ஆனால் வக்கீலின் பேச்சை எடுக்கவுமில்லை.