கூரை இல்லாத காருக்குக் கூடக் காசு

கூரை திறக்கும் காரை வாடகைக்கு எடுப்பதா வேண்டாமா என்பது ஒரு கட்டுரைக்குரிய கேள்வியா என்று நீங்கள் கேட்கலாம். பெரிய கேள்விகளுக்கு நம்மிடம் ஆயத்தமான விடைகள் இருக்கின்றன. போர் தீது, கொடை நல்லது, பிள்ளைகளைப் படிப்பிக்க வேண்டும். 1,500 குரோனர் கேள்விக்குத்தான் விடை இல்லை.

விஷயம் இதுதான். கோடை விடுமுறைக்கு போர்ன்ஹோல்ம் தீவுக்குப் போகிறோம்: நான், மனைவி, பதினான்கு வயது மகள், எழுபத்தாறு வயது அம்மா. கோப்பன்ஹேகனில் எங்களுக்குக் கார் இல்லை. தீவில் 200 கிலோமீற்றருக்கு மேல் சைக்கிள் பாதை உண்டு, ஆனால் அம்மா சைக்கிள் ஓடமாட்டார். ஆகவே வாடகைக் கார். பட்டியலில் மகள் சின்னதாக ஒரு கப்ரியோலெட்டைக் கண்டுவிட்டாள். அதே அளவு சாதாரணக் காரைவிட மூன்று நாளுக்கு ஏறத்தாழ 1,500 குரோனர் கூட. அந்தக் காசால் எங்கள் வீடு கவிழாது. ஆனாலும் எனக்குள் ஏதோ ஒன்று "வேண்டாம்" என்றது. அந்த 'ஏதோ ஒன்று' எது என்று பார்ப்பதுதான் என் நோக்கம்.

ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இருந்து வாசிப்பவர்களுக்காகத் தீவைப் பற்றிக் கொஞ்சம். போர்ன்ஹோல்ம் டென்மார்க்குக்குச் சொந்தம், இருப்பது பால்டிக் கடலில், சுவீடனுக்குப் பக்கத்தில். நாங்கள் ரயிலில் பாலம் கடந்து சுவீடனின் ஈஸ்டாட்டுக்குப் போய், அங்கிருந்து ஒரு மணி இருபது நிமிடம் கப்பலில் போக வேண்டும். பரப்பு 588 சதுர கிலோமீற்றர். வடக்கே கருங்கல் பாறையும் ஹம்மர்ஸ்ஹூஸ் கோட்டை இடிபாடும், தெற்கே டுயோடவின் வெண்மணல். ஒருகாலத்தில் மணற்கடிகாரத்துக்குள் போட்ட அளவுக்கு நுண்மையான மணல். டெனிஷ்காரர் இதைச் சூரியத் தீவு என்பார்கள். சூரியனைப் பற்றி இவர்கள் சொல்வதை நம் அளவுகோலால் அளக்கக் கூடாது.

கப்ரியோலெட் என்ற சொல் குதிரை வண்டிக் காலத்தது. மடக்கக்கூடிய மூடியோடு துள்ளிப் போகும் இரண்டு சக்கர வண்டிக்குப் பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர். அதைச் சுருக்கித்தான் ஆங்கிலத்தில் 'கேப்' ஆனது. டென்மார்க்கில் கார் என்பதே கொஞ்சம் அதிகப்படி. பதிவு வரி ஒருகாலத்தில் 180 சதவீதம்வரை போனது, இப்போதும் மேற்படி 150 சதவீதம். இந்த நாட்டில் கூரை திறக்கும் கார் என்றால், வருடத்தில் சில கிழமைகளுக்காக வாங்கிய ஆசை என்று பார்த்தவுடனே தெரியும்.

அம்மாவிடம் சொன்னபோது அவர் கேட்டது: "கூரை இல்லாத காருக்கு ஏனடா கூடக் காசு?"

எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் அந்தச் சிரிப்பு முழுதாக வரவில்லை. தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெற்றோல் என்பது வாசனைத் திரவியம் மாதிரி. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஏ40களும் மொரிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை கண்ணைக் கரிக்கும். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட வீடுகள் அவை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுதும் மழையில் நடந்து நாவற்குழிப் பாலம் கடந்தபோது எனக்கும் பதினான்கு வயது. கூரை என்பதன் பொருள் அன்று வேறாக இருந்தது.

ஆனால் இதை நான் வாதமாக ஏற்கவில்லை. கூரை இழந்த நினைவு இருப்பதால் திறந்த கூரையின் கீழ் இருக்கக் கூடாது என்றால், அந்த நினைவும் பதிவு வரி மாதிரி ஆகிவிடும், எதை வாங்கினாலும் மேலே 150 சதவீதம். அம்மா அந்த நினைவிலிருந்து கேட்கவும் இல்லை. அவர் கேட்டது விலை. சந்தையில் கத்தரிக்காய்க்குக் கேட்கிற அதே கேள்வி. இழப்பை அவருடைய வாக்கியத்துக்குள் கொண்டுபோய் வைத்தது நான்.

அடுத்த வாதம் பலமானது. 1971இல் கிழக்கு வங்கத்திலிருந்து லட்சக்கணக்கானோர் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்து பசியில் கிடந்தபோது பீட்டர் சிங்கர் என்ற இளம் தத்துவவாதி ஒரு கட்டுரை எழுதினார். அடுத்த வருடம் வெளியானது. ஆழமில்லாத குளத்தில் ஒரு குழந்தை மூழ்குகிறது, இறங்கித் தூக்கினால் உடுப்பு சேறாகும், அதற்காக விட்டுவிடுவீர்களா? மாட்டீர்கள். அப்படியானால் தூரத்தில் சாகிற குழந்தைக்கும் அதே கடமை. தூரம் ஒழுக்கத்தில் கணக்கில்லை என்பது அவர் வாதம். 1,500 குரோனருக்கு வன்னியில் ஒரு பிள்ளைக்கு என்னென்ன வாங்கலாம் என்று நம் எல்லோருக்கும் மனப்பாடம். சிங்கரைப் படிக்காமலே நாம் சிங்கரின் மாணவர்கள்.

எனக்கு அந்த வாதத்தில் ஓட்டை தெரியவில்லை. ஆனால் அது கப்ரியோலெட்டோடு நிற்காது. சாதாரணக் காரையும் கப்பல் சீட்டையும் விடுமுறையையும் சேர்த்துத் தின்னும். அதற்குச் சம்மதிப்பவரை நான் வணங்குவேன். நான் சம்மதிக்கவில்லை, என் குடும்பமும் சம்மதிக்கவில்லை, போர்ன்ஹோல்முக்குப் போவதென்று முடிவாகிவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் குழந்தையைக் கூட்டிவந்து காரின் கூரைக்கு மட்டும் சாட்சி வைப்பது நேர்மையில்லை. இன்னொன்று: அதே பட்டியலில் ஏழு பேர் இருக்கக்கூடிய பெரிய கார் அந்தச் சின்னக் கப்ரியோலெட்டைவிட விலை கூட. பெட்டிகளுக்கு இடம் வேண்டும் என்று அதை எடுத்திருந்தால் என் மனச்சாட்சி ஒரு சொல் பேசியிராது. ஆகவே என் கூச்சம் செலவைப் பற்றியதல்ல. வெளியே தெரிவதைப் பற்றியது. இது தெரிந்ததும் எனக்குப் பாதிப் பாரம் குறைந்தது.

யாழ்ப்பாணத் தமிழில் இதற்கு ஒரு சொல் உண்டு: எடுப்பு. "அவன் எடுப்புக் காட்டுறான்." டெனிஷ்காரரிடமும் உண்டு, யாந்தே சட்டம். அக்செல் சாண்டமோச 1933இல் எழுதிய நாவலில் வரும் பத்துக் கட்டளைகள். நீ ஒரு ஆள் என்று நினைத்துவிடாதே என்பதுதான் பத்திலும் சாரம். அந்த யாந்தே ஊர் அவர் பிறந்த நிக்கோபிங்கின் சாயல், அதுவும் மோர்ஸ் என்ற தீவில்தான் இருக்கிறது. இரண்டு சட்டத்துக்கும் கீழே வாழ்கிற நமக்கு இரட்டைப் பாதுகாப்பு என்று நண்பர் ஒருவர் சொல்வார்.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. டெனிஷ் சட்டம் எல்லாருக்கும் பொது: யாரும் தலையை நீட்டக் கூடாது. நம்முடையதில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. சாமத்தியவீட்டுக்கு நீள லிமோசின் பிடித்து, மண்டப வாசலில் பிள்ளையை இறக்கினால் அது எடுப்பு இல்லை, கடமை. சனம் பார்க்க வேண்டும், முறை செய்ய வேண்டும், வீடியோ ஊருக்குப் போக வேண்டும். அதே குடும்பம் ஒரு செவ்வாய்க்கிழமை யாருக்கும் சொல்லாமல் கூரை திறந்த காரில் கடற்கரை ஓரம் போனால் "கொழுப்பு". சபைக்காகச் செலவழிக்கலாம், தனக்காகக் கூடாது. எளிமையை நாம் மதிக்கிறோம் என்பது எனக்கு முழுக்க உண்மையாகத் தெரியவில்லை. தனியாக அனுபவிக்கிற சந்தோசத்தில்தான் நமக்குச் சந்தேகம்.

இதற்கு வரலாறு இருக்கிறது. எண்பதுகளின் நடுவில் நம்மவர் இங்கே வந்தபோது அநேகர் யூலண்டின் சிறு நகரங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். 1987இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் தமிழ் அகதிகளின் குடும்ப இணைப்பு விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாக முடக்கினார். அந்த விவகாரம் 1993 ஜனவரியில் போல் ஷ்லூட்டரின் அரசாங்கத்தையே பதவி விலக வைத்தது. 1995இல் ராஜ்ய நீதிமன்றம் நின்-ஹான்சனுக்கு நான்கு மாத நிபந்தனைச் சிறை விதித்தது. டெனிஷ் வரலாற்றில் அதன் பெயர் 'தமிழர் வழக்கு'. ஒரு நாட்டில் உங்கள் இனத்தின் பெயர் முதலில் ஒரு வழக்கின் பெயராக அறிமுகமானால், உங்கள் பிள்ளைகளுக்கு என்ன சொல்லி வளர்ப்பீர்கள்? மாமா சொன்னது: "தெரியாமல் இரு. வேலைக்குப் போ, வீட்டுக்கு வா." அவர் முப்பது வருடம் அப்படித்தான் இருந்தார், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. மூடிய கார் அந்த அறிவுரைக்குப் பொருத்தமான வாகனம்.

மகள் இங்கே பிறந்தவள். "ஏன் ஆட்கள் பாத்தா என்ன அப்பா?" என்று கேட்டாள். கேள்வியில் எதிர்ப்புகூட இல்லை, உண்மையிலேயே அவளுக்கு விளங்கவில்லை. காருக்குச் சாதகமாகக் கேட்டவற்றில் என்னை அசைத்தது இது ஒன்றுதான். படம் எடுத்துப் போடத்தானே கேட்கிறாள் என்று மனைவி சொன்னாள். போடட்டும். மண்ணிற முகங்கள் நான்கு, வெயிலில், எந்த வழக்குக்கும் விழாவுக்கும் சம்பந்தமில்லாமல்.

மேற்கு யூலண்டில் நம் கதைக்கு முந்திய ஒரு கதை உண்டு. பிறாண்டே அபிராமி அம்மனுக்கும் ஹேர்னிங் சித்தி விநாயகருக்கும் போகிற நம்மவர் பலர் செட்டிங் என்ற குக்கிராமத்தைக் கவனித்திருக்கமாட்டார்கள். ஹேர்னிங்கிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள். பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே ஆடு மேய்த்த ஒரு சிறுவன் பசியும் குளிரும் தாங்காமல் ஒரு மேட்டில் ஏறி நின்று கடவுளைச் சபித்தான். பிறகு அவனை உறவினரிடம் கோப்பன்ஹேகனுக்கு அனுப்பினார்கள். கம்பளி, காலுறை வியாபாரத்தில் பெரும் பணக்காரன் ஆனான். அந்தச் சாபம் மட்டும் அவரைச் சாகும்வரை விடவில்லை. 1838இல் அவர் இறந்தபோது சொத்தில் ஒரு பங்கு கடைசி மகனுக்கு வந்தது. அந்த மகன்தான் தத்துவவாதி சோரன் கீர்க்ககோர்ட்.

மகன் நிலையான சம்பள உத்தியோகம் எதுவும் பார்க்கவில்லை. அப்பாவின் காசில் வீடு, வேலைக்காரர், நல்ல சாப்பாடு, சொந்தச் செலவில் அச்சிட்ட புத்தகங்கள். அதோடு வாடகைக் குதிரை வண்டி. எழுத்து நெருக்கினால் வண்டி பிடித்து வட சீலண்டின் காடுகள்வரை போய்வருவார். 1855இல் நாற்பத்திரண்டு வயதில் இறந்தபோது சொத்து ஏறக்குறைய முடிந்திருந்தது. கடைசி வருடத்தில் பாதிரிமாரின் சொகுசு வாழ்வைத் தாக்கி எழுதிக்கொண்டிருந்தார் என்பதால், இவர் வண்டியை மறந்துவிட்டாரா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கல்யாணம் செய்தாலும் வருந்துவாய், செய்யாவிட்டாலும் வருந்துவாய் என்று 1843இல் அவர் எழுதிய இடத்தைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். எனக்கு அதைவிட அந்த வண்டி வாடகை முக்கியமாகப் படுகிறது. பசித்த தகப்பனின் காசு, பசிக்காத மகனின் காட்டுப் பயணம். தகப்பனின் பயம் மகனுக்கும் வந்தது, அவர் எழுத்தெல்லாம் அதுதான். ஆனால் பயத்தோடேயே வண்டி ஏறினார். பயம் தீரட்டும் என்று காத்திருக்கவில்லை.

எனக்குத் தெரிந்த பலர் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். 1,500 குரோனர் இங்கே செலவழித்தால் 1,500 ஊருக்கு அனுப்புவது. கணக்கு சரி, மனம் லேசு. மனைவியும் அதைத்தான் சொன்னாள். காசு அனுப்புவதில் எனக்கு மறுப்பில்லை, மாதாமாதம் அனுப்புகிறோம். ஆனால் கூரைக்குத் தண்டமாக அனுப்புவதில் மறுப்பு உண்டு. காசு கட்டிப் பாவம் தீர்க்கும் சீட்டை எதிர்த்துத்தான் லூத்தர் கிளம்பினார், 1536இல் இந்த நாடும் அவர் பக்கம் வந்தது. அதை நாம் வெளிநாட்டுக் காசுப் பரிமாற்றக் கடையில் மறுபடி தொடங்க வேண்டாம். குறளின் 101ஆம் அதிகாரம், நன்றியில் செல்வம், தானும் துய்க்காமல் தக்கவருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பவனை அந்தச் செல்வத்துக்கே ஒரு நோய் என்கிறது. துய்ப்பதும் கொடுப்பதும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, ஒன்று மற்றதற்கு அபராதம் கட்டுவதாக இல்லை. நம் வீடுகளில் ஈகை அதிகாரத்தைப் பிள்ளைகள் மனனம் செய்கிறார்கள். துய்ப்பதைப் பற்றிய பாதியை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. வீடு கட்டிவிட்டு, தங்கச்சிமாரைக் கரைசேர்த்துவிட்டு, பிறகு பார்ப்பம் என்று சொன்ன அண்ணைமார் சிலர் அந்தப் 'பிறகு'க்கு முன்னமே இருதய நோயில் போய்விட்டார்கள்.

சூழல் மாசு பற்றிக் கேட்பீர்கள். சின்னக் கார், கூரை திறந்தால் கொஞ்சம் எரிபொருள் கூடப் போகும். அந்தக் கணக்கும் கப்பலிலிருந்தே தொடங்க வேண்டியது.

போர்ன்ஹோல்முக்கும் புலம்பெயர்தலுக்கும் உள்ள தொடர்பை மார்ட்டின் அண்டர்சன் நெக்ஸோ எழுதியிருக்கிறார். கோப்பன்ஹேகனின் ஏழைக் குடும்பத்தில் 1869இல் பிறந்து, எட்டு வயதில் இந்தத் தீவுக்கு வந்து, வளர்ந்த ஊரின் பெயரையே தன் பெயரில் சேர்த்துக்கொண்டவர். 1906இல் வெளிவரத் தொடங்கிய 'பெல்லே எரோப்ரரன்' நாவலில் சுவீடனிலிருந்து லாஸெ என்ற கிழவர் சிறு மகன் பெல்லேயோடு வேலை தேடிக் கப்பலில் இங்கே வருகிறார். பில்லே ஓகுஸ்ட் 1987இல் எடுத்த படமாகப் பலர் பார்த்திருப்பீர்கள், கான் விழாவில் தங்கப்பனையும் ஒஸ்காரும் பெற்றது. தொழுவத்தில் படுத்து, மாடு பார்த்து, அவமானப்பட்டுக் கிடக்கிற அந்த லாஸெயின் கனவு என்ன தெரியுமா? ஞாயிறு காலையில் படுக்கையில் கோப்பி. சோறு என்றால் விளங்கும், கூரை என்றால் விளங்கும். அவர் கேட்டது இரண்டுமில்லை. துளியும் தேவையில்லாத ஒன்று, அதுவும் படுக்கைக்கே வர வேண்டும்.

நெக்ஸோ ஊரில் அவர் வளர்ந்த வீடு சின்னக் காட்சியகமாக இருக்கிறது. அம்மாவைக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். கப்பல் இறங்கும் ரொன்னேயிலிருந்து அங்கே ஏறத்தாழ 30 கிலோமீற்றர். நேர்வழியில் போகாமல் அல்மின்டிங்கன் காட்டுக்குள்ளால் சுற்றிப் போகலாம். மரங்கள் காற்றைத் தடுக்கும் என்பதால் அந்தத் துண்டில் கூரையைத் திறந்தால் அம்மாவுக்குக் குளிராது. காதுக்குக் கட்ட கம்பளித் துண்டு ஒன்றை அவர் இப்போதே எடுத்து வைத்துவிட்டார்.