மன்னிப்பு வேறு, நம்பிக்கை வேறு

இலண்டனிலோ ரொறன்ரோவிலோ வாழும் நம் உறவினரின் பிள்ளைகளுக்குத் தாதியர் பயிற்சியிலோ மருத்துவப் படிப்பிலோ இடம் கிடைத்தால், அவர்கள் நோயாளியின் அருகே செல்லுமுன் ஒரு கடதாசி கேட்கப்படுகிறது. அதுவே பொலிஸ் அறிக்கை. விண்ணப்பித்தவர் முன்னர் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டவரா என்பதை அது சொல்லும். பெரும்பாலான குடும்பங்களுக்கு இது ஒரு சில்லறை அலுவல். ஆனால் பதினாறு வயதில் கடையொன்றில் களவெடுத்தோ, தெருச் சண்டையில் அகப்பட்டோ பெயர் கெட்ட பிள்ளையின் பெற்றோருக்கு இது நித்திரையைக் கெடுக்கும் விஷயம். “மனம் வருந்திப் பாவசங்கீர்த்தனம் செய்து, கடவுளே மன்னித்த பிழையை மனிதர் ஏன் மீண்டும் கிளறவேண்டும்?” என்று அவர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. கிறிஸ்தவர் எவரும் அதைத் தட்டிக்கழிக்க முடியாது.

இதற்கு விடை காணுமுன் நாம் முதலில் நோயாளியை நினைக்க வேண்டும். கடையில் அரிசி வாங்குபவர் வியாபாரியை நம்பாவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். வாட்டில் படுத்திருப்பவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. மயக்க மருந்தினால் உணர்விழந்து கிடப்பவர், நினைவு தடுமாறும் முதியவர், பேசத் தெரியாத குழந்தை ஆகியோர் தம்மைத் தொடும் கை யாருடையது என்று கேட்கவும் மாட்டார்கள். மருந்து அலுமாரியின் திறப்பும், நோயாளியின் பணப்பையும், உடலும், இரகசியமும் ஒருவரின் பொறுப்பில் விடப்படுகின்றன. இவ்வளவு பெரிய நம்பிக்கையைக் கேட்பவர் தம்மைப் பற்றிய விசாரணைக்கு உடன்படுவது அவருக்கு இழுக்கன்று.

விசாரியாமல் விட்டதன் விலையை உலகம் கண்டிருக்கிறது. மைக்கேல் சுவாங்கோ என்ற அமெரிக்க வைத்தியர், தம்மோடு வேலை செய்த அம்புலன்ஸ் ஊழியர்களுக்கு நஞ்சு கொடுத்த குற்றத்துக்காக 1985இல் இலினோய் மாநிலத்தில் ஐந்து ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றவர். விடுதலையான பின் 1992இல் தென் டக்கோட்டாவிலும், 1993இல் நியூயோர்க்கிலும் பயிற்சி வைத்தியராக இடம்பெற்றார். தமது தண்டனைக்குக் காரணம் ஒரு மதுச்சாலைச் சண்டையே என்று சொன்னார். போலிக் கடிதங்களையும் காட்டினார். 1994இல் சிம்பாப்வே நாட்டின் மிஷன் வைத்தியசாலை ஒன்றிலும் வேலைக்குச் சேர்ந்தார். 2000ஆம் ஆண்டில், நியூயோர்க் வைத்தியசாலையில் மூன்று நோயாளிகளைக் கொன்றதை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றார். அவரை ஏற்றுக்கொண்டவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர் சொன்னதை நம்பினார்கள். நீதிமன்றப் பதிவைப் பார்க்கவில்லை. இன்று அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம், தெரிவாகும் மாணவர் அனைவரைப் பற்றியும் இவ்விசாரணை செய்யப்பட வேண்டுமெனப் பரிந்துரைக்கிறது.

அப்படியானால் மன்னிப்பு என்னாவது? இங்கேதான் நாம் இரண்டு காரியங்களைப் பிரித்தறிய வேண்டும். மன்னிப்பு என்பது பகையை விடுவது. பிழைசெய்தவனை மீண்டும் சகோதரனாக ஏற்பது. நம்பிப் பொறுப்புக் கொடுப்பது அதனின் வேறானது. சங்கத்தின் பணத்தைக் கையாடிய காசாளர் ஒருவர் மனம் வருந்தினால், அவரோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணக் கடமைப்பட்டிருக்கிறோம். மறுநாளே பணப்பெட்டியின் திறப்பை அவர் கையில் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் அல்லர். அப்படிக் கொடுப்பது அவரைச் சோதனைக்கு உட்படுத்துவதும் ஆகலாம். மன்னிப்பு ஒரு நொடியில் கொடுக்கப்படக் கூடியது. நம்பிக்கையோ காலத்தால் வளர்வது.

இந்தப் பாடத்தைத் திருச்சபையும் கண்ணீரோடுதான் கற்றது. சிறுவருக்குத் தீங்கிழைத்த குருக்கள் சிலர், மனம் திரும்பிவிட்டார்கள் என்ற எண்ணத்தில் ஒரு பங்கிலிருந்து இன்னொரு பங்குக்கு மாற்றப்பட்டார்கள். மன்னிப்பின் பெயரால் செய்யப்பட்டதற்குப் பிள்ளைகள் விலை கொடுத்தார்கள். 2002இல் டலஸ் நகரில் கூடிய அமெரிக்க ஆயர்கள், சிறுவரோடு பணியாற்றும் குருக்கள் முதல் தொண்டர்கள் வரை அனைவரின் பின்னணியும் ஆராயப்பட வேண்டுமென விதித்தார்கள். தன் குருக்களிடம் இதைக் கேட்கும் திருச்சபை, தாதியிடம் கேட்பதைத் தவறென்று சொல்ல இயலாது.

புனித தோமஸ் அக்குவினாஸ் இதற்கொரு தெளிவான வழி காட்டியுள்ளார். ஒருவரைப் பற்றித் தீர்ப்பிடும்போது, சந்தேகமிருப்பின் நல்லதையே எண்ணவேண்டும். ஆனால் தீமைக்கு முற்காப்புத் தேடும்போது, கூடிய தீமையை மனத்திற்கொண்டு ஆயத்தம் செய்யலாம். வீட்டுக் கதவைப் பூட்டுபவர் அயலவரைக் கள்வர் என்று தீர்ப்பிடவில்லை. பொலிஸ் அறிக்கை கேட்பதும் இத்தகைய முற்காப்பே. அந்த எல்லைக்குள் நிற்கும்வரை அது நீதியானது. அந்தக் கடதாசியையே தீர்ப்பாக்கி, கறை உள்ளவர் எவரையும் விசாரியாமல் தள்ளிவிடும்போது அநீதி தொடங்குகிறது.

ஏனெனில் கறைகள் எல்லாம் ஒன்றல்ல. முதலாவதாக, கைது வேறு, குற்றம் வேறு. இதை எவரும் நமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடிபட்டு, குற்றம் நிரூபிக்கப்படாமலே ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த பிள்ளைகளை நம் ஊர்கள் அறியும். இரண்டாவதாக, குற்றத்தின் தன்மையைப் பார்க்க வேண்டும். மருந்தைத் திருடியதும், பலவீனரைத் துன்புறுத்தியதும் நோயாளியை நேரே தொடும் குற்றங்கள். ஊர்வலத்தில் அகப்பட்டது அப்படியன்று. மூன்றாவதாக, அப்போது வயது என்ன, அதன்பின் வாழ்ந்த வாழ்வு என்ன என்று பார்க்க வேண்டும்.

பிரித்தானியாவில் 1974இல் வந்த ஒரு சட்டம், குறித்த காலம் நல்லொழுக்கமாய் வாழ்ந்தவரின் பழைய குற்றத் தீர்ப்பைச் செல்லாக்காசாக்கியது. எனினும் வைத்தியர், தாதியர் போன்றோருக்கு அச்சலுகை பொருந்தாதென 1975இல் விலக்கு வைக்கப்பட்டது. பல ஆண்டுகள் சென்றபின், சிறுவயதில் பெற்ற எச்சரிக்கைகள் வாழ்நாள் முழுதும் ஒருவரைத் துரத்துவது நியாயமல்ல என்று 2019இல் அந்நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் கண்டது. 2020 நவம்பர் முதல் அத்தகைய எச்சரிக்கைகள் அறிக்கையில் தாமாகவே இடம்பெறுவதில்லை. நோயாளியைக் காக்கும் அக்கறையும், மனிதர் திருந்தக்கூடும் என்ற நம்பிக்கையும் ஒரே சட்டத்தில் இடம்பெறலாம் என்பதற்கு இது சான்று.

கடதாசி மட்டும் எவரையும் காப்பாற்றாது என்பதையும் சொல்லவேண்டும். இங்கிலாந்தின் ஹரல்ட் ஷிப்மன் என்ற வைத்தியர், பெதிடின் மருந்தைத் தமக்காகப் பெறப் போலி மருந்துச் சீட்டு எழுதிய குற்றத்துக்காக 1976இல் தண்டப்பணம் செலுத்தினார். வைத்திய சபை அதை அறிந்திருந்தும் அவர் தொழிலுக்குத் திரும்பினார். அதன்பின் அவரை உற்றுப் பார்ப்பார் இல்லை. 2000ஆம் ஆண்டில் பதினைந்து கொலைகளுக்குக் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டார். 2002இல் விசாரணைக்குழு 215 நோயாளிகள் அவரால் இறந்ததாகக் கண்டது. வாசலில் ஒருமுறை கேட்டுவிட்டு உள்ளே கண்ணை மூடிக்கொள்வது காவலாகாது.

மறுபக்கத்தில், வாசலை ஒரேயடியாக அடைத்திருந்தால் திருச்சபை ஒரு புனிதரை இழந்திருக்கும். 1550இல் இத்தாலியில் பிறந்த கமில்லுஸ் தெ லெல்லிஸ் போர்வீரர், சூதாடி, சண்டைக்காரர். காலில் ஆறாத புண்ணோடு உரோமாபுரியில் புனித யாகப்பர் வைத்தியசாலைக்கு வந்து, அங்கேயே வேலையும் செய்தார். சூதாட்டமும் சச்சரவும் காரணமாக அவரை வெளியேற்றினார்கள். அது நோயாளருக்குச் செய்த நீதி. 1575இல் அவர் மனந்திரும்பினார். அதே வைத்தியசாலை அவரைத் திரும்பவும் ஏற்றது. அவர் தொண்டைப் பல ஆண்டுகள் கண்ணாற் கண்டு, படிப்படியாக மேற்பார்வைப் பொறுப்பையும் கொடுத்தது. இதுவும் நீதியே. பின்னர் நோயாளருக்கென அவர் தொடங்கிய சபை இன்றும் பணிசெய்கிறது. 1930இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் அவரைத் தாதியரின் பாதுகாவலராக அறிவித்தார். இன்று பொலிஸ் அறிக்கை கேட்கப்படும் தொழிலுக்கு, ஒருகாலத்தில் நற்சான்று பெறமுடியாதிருந்த ஒருவரே பாதுகாவலர்!

புனித சின்னப்பரின் வரலாறும் இதையே காட்டுகிறது. மனந்திரும்பி எருசலேமுக்கு வந்த அவரைக் கண்டு சீடர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சத்தை வேதம் கண்டிக்கவில்லை. பர்னபா அவரை அழைத்துச்சென்று, நடந்ததை எடுத்துச் சொல்லி, அவருக்காகப் பேசினார். திருந்திய ஒருவருக்கு மறதி தேவையில்லை. உண்மையைச் சொல்லித் துணைநிற்கும் ஒரு பர்னபா தேவை. ஆசிரியரும் பங்குக்குருவும் நற்சான்றுக் கடிதம் எழுதும்போது இதை நினைக்கக் கடவர். பிழையை மறைத்து எழுதுவது நோயாளிக்குத் துரோகம்; திருந்தியதை எழுதாமல் விடுவது மாணவருக்குத் துரோகம்.

அறிக்கையைப் பார்ப்போருக்கும் ஒரு கடமை உண்டு. தக்க காரணமின்றிப் பிறர் குற்றத்தை வெளிப்படுத்துவது, அது உண்மையேயானாலும், எட்டாம் கட்டளைக்கு விரோதம். அறியவேண்டியவர் அறிந்தபின் அது அங்கேயே நிற்கவேண்டும். கோவில் முற்றத்துப் பேச்சாகக் கூடாது.

பெற்றோரே, உங்கள் பிள்ளையின் வாழ்வில் இப்படியொரு பதிவு இருக்குமாயின், அதை மறைக்கச் சொல்லிக் கொடுக்காதீர்கள். பழைய பிழையை மன்னிக்க ஆயத்தமாயுள்ள கல்லூரியும் இன்றைய பொய்யை மன்னிப்பது அரிது. கட்டணம் செலுத்துமுன், கல்லூரியிடமும், தொழிலுக்கு அனுமதி வழங்கும் சபையிடமும் நேராகக் கேளுங்கள். படிப்பு முடிந்தபின் அனுமதி மறுக்கப்பட்டால் இழப்புப் பெரிது. பிள்ளை தன் வாயாலே உண்மையைச் சொல்லட்டும். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டு உண்மை சொல்லப் பழகியவருக்கு அது முற்றிலும் புதிய காரியமன்று. நோயாளியின் படுக்கையருகே நிற்கத் தகுதியானவர் யார் என்று அறியும் சோதனையும் அந்த இடத்திலேயே தொடங்கிவிடுகிறது.